நோக்கியா வீழ்ந்த கதை: ஃபின்லாந்து முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை



பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது அப்பாவின் பழைய நோக்கியா 1100 கிடைத்தது. பேட்டரியை மட்டும் காணோம். தேடினால் அது தாத்தாவின் எஃப்.எம். ரேடியோவுக்குள் பாட்டு பாடிக் கொண்டிருக்கிறது! பி.எல்-5சி என்று போட்ட அந்த பேட்டரி உங்கள் வீட்டிலும் எதற்குள்ளாவது இருக்கும், பாருங்கள். அதைக் கழற்றி சார்ஜ் ஏற்றிப் போட்டதும் இரண்டு கை கோர்க்கும் அந்தப் படம் வந்தது. பாம்பு கேமும் அப்படியே இருந்தது.

எங்கள் ஊர் மம்சாபுரம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் நடுவில், மலை அடிவாரம். தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தால் பன்னிரண்டு மணிக்குத்தான் போக வேண்டும். பாம்பு, தேள் எல்லாம் இருக்கிற வரப்பில் அப்பாவுக்கு வழிகாட்டியது இந்த போன் மண்டையில் இருக்கும் சின்ன டார்ச்தான். "இப்ப உள்ள போன் எல்லாம் ஒரு தடவை கீழ விழுந்தா போச்சு. இது கிணத்து மேட்டுல இருந்தே விழுந்திருக்கு" என்றார் அப்பா. "அப்புறம் ஏம்ப்பா இந்தக் கம்பெனி போச்சு?" என்று கேட்டேன். "அதைத்தான நீ காலேஜ்ல படிக்கிற, நீ சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பி.காம். இறுதியாண்டு. நோக்கியா கதை எங்கள் வகுப்பில் ஒரு வரியில் முடிந்துவிடும்: "நோக்கியா காலத்துக்கேற்ப மாறவில்லை, ஆண்ட்ராய்டு வந்தது, நோக்கியா அழிந்தது." நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்பா கேட்ட பிறகு உட்கார்ந்து படித்தால், அந்த ஒரு வரி பாதிதான் சரி என்று தெரிகிறது. நோக்கியா என்ற கம்பெனி அழியவில்லை. இன்றும் இருக்கிறது, லாபமும் பார்த்திருக்கிறது. நிஜமாகவே இல்லாமல் போனது ஸ்ரீபெரும்புதூரில் அது நடத்திய தொழிற்சாலையும், அதில் இருந்த ஆயிரக்கணக்கான வேலைகளும்தான். இந்தக் கட்டுரை அந்த இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்லும் முயற்சி. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

மரக்கூழில் ஆரம்பித்த கம்பெனி

1865-ல் ஃபின்லாந்தில் ஃப்ரெட்ரிக் இடெஸ்டாம் என்ற பொறியாளர் ஒரு மரக்கூழ் ஆலை தொடங்கினார். காகிதம் செய்யத் தேவையான கூழ். இரண்டாவது ஆலையை நோக்கியா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் வைத்தார். கம்பெனிக்கும் அந்த ஊர் பெயரே வந்தது. பிறகு ரப்பர் கம்பெனி ஒன்று, கேபிள் கம்பெனி ஒன்று என்று மூன்றும் 1967-ல் ஒன்றாகச் சேர்ந்து நோக்கியா கார்ப்பரேஷன் ஆனது. ரப்பர் பூட்ஸ், டயர், டாய்லெட் பேப்பர், டி.வி. என்று அது செய்யாத பொருள் இல்லை.

1990 வாக்கில் பக்கத்து நாடான சோவியத் யூனியன் சரிந்தது. ஃபின்லாந்து பொருளாதாரமும் படுத்துக் கொண்டது. 1992-ல் யோர்மா ஒல்லிலா தலைமை நிர்வாகி ஆனார். மற்ற தொழில்களை எல்லாம் விற்றுவிட்டு, தொலைத்தொடர்பு ஒன்றை மட்டும் பிடித்துக் கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1991 ஜூலை 1-ல், உலகின் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு ஃபின்லாந்தில்தான் நடந்திருந்தது. அந்த நெட்வொர்க்குக்கு கருவிகள் கொடுத்தது நோக்கியா. 1998-ல் மோட்டரோலாவைத் தாண்டி உலகிலேயே அதிக மொபைல் போன் விற்கும் கம்பெனி ஆனது. அதன் பிறகு 14 வருடம் அந்த இடத்தை விடவே இல்லை.

ஒரு கட்டத்தில் ஃபின்லாந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் நோக்கியா என்ற ஒரே கம்பெனியுடையது. ஒரு நாடே ஒரு கம்பெனி மேல் உட்கார்ந்திருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்தியாவும் 1100-ம்

1995 ஜூலை 31. அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினார். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு அதுதான். அவர் கையில் இருந்தது நோக்கியா போன். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு! பணக்காரர்கள் மட்டுமே வைத்திருந்தார்கள்.

2003-ல் இரண்டு விஷயம் நடந்தது. இன்கமிங் இலவசம் ஆனது. அதே வருடம் நோக்கியா 1100 வந்தது. இந்தியா மாதிரி நாடுகளை மனதில் வைத்தே செய்த போன் அது. தூசி உள்ளே போகாத ஒரே துண்டு ரப்பர் கீபேட், கை வியர்த்தாலும் வழுக்காத பக்கவாட்டு, கரண்ட் போனால் டார்ச். கேமரா இல்லை, கலர் இல்லை, இன்டர்நெட் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2005-ல் நோக்கியாவின் நூறாவது கோடி போன் நைஜீரியாவில் விற்றது, அதுவும் இந்த 1100 தான்.

2007 ஆகஸ்டில் வேறொரு கம்பெனி செய்து கொடுத்த 4.6 கோடி பி.எல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்து, கேட்டவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. அப்படி ஒரு செய்தி வந்தும் விற்பனை விழவில்லை. அவ்வளவு நம்பிக்கை. அக்கவுண்ட்ஸ் பாடத்தில் குட்வில் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்

இந்தியாவில் இவ்வளவு விற்கும்போது இங்கேயே செய்தால் என்ன என்று நோக்கியா யோசித்தது. பல மாநிலங்கள் போட்டி போட்டன. 2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஆனது. சென்னை துறைமுகம், விமான நிலையம், பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள், ஏற்கெனவே ஹூண்டாய் இருந்த பகுதி, அதோடு வரிச் சலுகைகள். ஸ்ரீபெரும்புதூரில் சிப்காட் நிலம், சுமார் 200 ஏக்கர், சிறப்புப் பொருளாதார மண்டலம். 2006-ல் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஒப்பந்தம் போட்டு ஒரு வருடத்துக்குள்ளேயே போன் வெளியே வந்தது என்பது நம் நாட்டில் சாதாரண விஷயம் இல்லை.

(எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அண்ணன் முறை என்று கோயிலில் சொல்வார்கள். அந்த ஊர் எங்களுக்குப் புதுசு இல்லை!)

நோக்கியாவோடு அதற்கு உதிரி பாகம் கொடுக்கும் கம்பெனிகளும் அதே வளாகத்துக்குள் வந்தன. சார்ஜர் செய்யும் சால்காம்ப், வெளிக்கூடு செய்யும் பெர்லாஸ், ஃபாக்ஸ்கான் என்று. நோக்கியாவில் நேரடியாக மட்டும் 8,000 பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இருபது வயசை ஒட்டியவர்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய் வந்த பெண்கள். பல வீடுகளில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்தான். நோக்கியாவின் உலகத் தொழிற்சாலைகளிலேயே பெரியவற்றில் ஒன்றாக அது வளர்ந்தது. இங்கே செய்த போன் வெளிநாடுகளுக்கும் போனது.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லவில்லை. 2010-ல் சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதே வருடக் கடைசியில் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அதையும் சேர்த்துத்தான் அந்தத் தொழிற்சாலையின் வரலாறு.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தத் தொழிற்சாலை செய்தது முக்கியமாக விலை குறைந்த போன்கள். நோக்கியா கடைசி வரை நன்றாகச் செய்த பொருளும் அதுதான். தோற்றது இங்கே இல்லை.

அப்படியானால் எங்கே தோற்றது?

2007-ல் நோக்கியா விற்ற போன்கள் 43 கோடிக்கு மேல். உலகில் விற்கும் ஐந்து போனில் இரண்டு நோக்கியா. அந்த வருடம் ஜனவரி 9-ல்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார்.

நோக்கியாவுக்கு ஸ்மார்ட்போன் தெரியாது என்று நினைத்தால் தப்பு. 1996-லேயே கம்யூனிகேட்டர் என்ற பெயரில் பாக்கெட் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை விற்றது. 2002-ல் கேமரா வைத்த 7650, பிறகு நம் ஊர் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைகள் கையில் இருந்த 6600, 2007-ல் ஜி.பி.எஸ். வைத்த என்95 எல்லாம் ஸ்மார்ட்போன்தான். 2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன் மென்பொருளில் ஓடியவை.

பணமும் குறைச்சல் இல்லை. 2010-ல் நோக்கியா குழுமம், நெட்வொர்க் பிரிவையும் சேர்த்து, ஆராய்ச்சிக்கு மட்டும் செலவு செய்தது சுமார் 586 கோடி யூரோ. அதே நிதியாண்டில் ஆப்பிள் செலவு செய்தது சுமார் 178 கோடி டாலர். ஆக, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காததால் தோற்றது என்று சொல்ல முடியாது.

எனக்குப் புரிந்தவரை காரணங்கள் மூன்று.

முதலாவது மென்பொருள். சிம்பியன் என்பது பட்டன் போன் காலத்தில், நினைவகம் கொஞ்சமாக இருந்த காலத்தில் எழுதிய மென்பொருள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. தொடுதிரைக்கு அதை வளைப்பது பழைய ஓட்டு வீட்டின் மேல் மாடி கட்டுகிற மாதிரி. ஆப்பிள் 2008-ல் ஆப் ஸ்டோர் திறந்து, யார் வேண்டுமானாலும் ஆப் எழுதி விற்கலாம் என்று வழி செய்தது. அதே வருடம் கூகுளின் ஆண்ட்ராய்டு போன் வந்தது. நோக்கியாவின் ஓவி ஸ்டோர் 2009-ல் வந்தது. போட்டி போனோடு போன் என்பதில் இருந்து, ஒரு பெரிய சந்தையோடு இன்னொரு சந்தை என்று மாறிவிட்டது. நோக்கியா இன்னும் போன் மட்டுமே விற்றுக் கொண்டிருந்தது.

இரண்டாவது பயம். இன்சியாட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த குய் ஹுய், ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ வூரி இருவரும் நோக்கியா ஆட்கள் உட்பட 76 பேரிடம் பேசி ஒரு ஆய்வு செய்தார்கள். அதில் வந்த முடிவு ரொம்ப எளிமையானது. மேலே இருந்தவர்களுக்கு போட்டிக் கம்பெனிகள் மேலும் பங்குதாரர்கள் மேலும் பயம். நடுவில் இருந்த மேனேஜர்களுக்கு மேலே இருந்தவர்கள் மேல் பயம். "இந்த மென்பொருள் இந்தத் தேதிக்குள் முடியாது" என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று நினைத்து, முடியும் என்றே சொன்னார்கள். மேலே இருந்தவர்களும் அதை நம்பினார்கள். இதற்கு ஃபின்லாந்து போக வேண்டியதில்லை. வாத்தியார் கேட்டால் "எல்லாம் முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்கிற நம் புராஜெக்ட் கதைதான்!

மூன்றாவது, நம் ஊர் சம்பந்தப்பட்டது. இரண்டு சிம். 2009 வாக்கில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஆஃபர் விட்டது. ஒரு சிம்மில் பேசினால் நொடிக்கு ஒரு பைசா, இன்னொன்றில் மெசேஜ் இலவசம். அப்பா சொல்வார், தென்னந்தோப்பு வியாபாரிகள் சட்டைப் பையில் மூன்று சிம்மை காகிதத்தில் மடித்து வைத்திருப்பார்களாம். மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா, அதோடு பெரிய ஸ்பீக்கர் வைத்த பெயர் தெரியாத சைனா செட்டுகள் எல்லாம் இரண்டு சிம் போட இடம் கொடுத்தன. நோக்கியாவின் இரண்டு சிம் போன்கள் இந்தியக் கடைகளுக்கு ஒழுங்காக வந்தது 2011-ல். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருந்த எவரைக் கேட்டிருந்தாலும் இரண்டு வருடம் முன்பே சொல்லியிருப்பார். ஸ்மார்ட்போனில் மட்டுமல்ல, தன் கோட்டையான சின்ன போனிலும் ஓட்டை விழுந்தது இப்படித்தான்.

எண்கள் ஏமாற்றிய வருடம்

2009-ல் நோக்கியா விற்ற ஸ்மார்ட்போன் சுமார் 6.8 கோடி. 2010-ல் அது 10 கோடி. ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதல். வருடாந்திர அறிக்கையை மட்டும் பார்த்தால் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் 2009 கடைசி காலாண்டில் ஸ்மார்ட்போன் சந்தையில் 40 சதவீதமாக இருந்த பங்கு, 2010 கடைசி காலாண்டில் 31 சதவீதம். விற்பனை ஏறிக் கொண்டே இருக்கும்போது சந்தைப் பங்கு இறங்குகிறது என்றால், சந்தை உன்னைவிட வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். காமர்ஸ் மாணவர்கள் இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

2010 செப்டம்பரில் ஸ்டீபன் எலாப் தலைமை நிர்வாகி ஆனார். கனடாக்காரர், மைக்ரோசாஃப்டில் இருந்து வந்தவர். நோக்கியாவுக்கு ஃபின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் தீப்பிடித்தால், நின்று எரிவதா, குளிர்ந்த கடலில் குதிப்பதா என்ற கதையைச் சொல்லி, நாம் குதித்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார். பிப்ரவரி 11-ல் குதித்தார். இனி சிம்பியன் இல்லை, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன்தான் எங்கள் வழி என்று அறிவித்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலை 14 சதவீதம் விழுந்தது.

மாறியது தப்பு என்று சொல்லவில்லை. மாறிய விதம்தான் விபரீதம். முதல் விண்டோஸ் நோக்கியாவான லூமியா கடைக்கு வந்தது 2011 நவம்பரில். பிப்ரவரி முதல் நவம்பர் வரை கடையில் இருந்தது எல்லாம், கம்பெனியே இனி வேண்டாம் என்று சொன்ன சிம்பியன் போன்கள். கடைக்காரர் தன் சரக்கை அவரே குறை சொன்னால் யார் வாங்குவார்கள்? லூமியா வந்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா? 2012-ல் விண்டோஸ் போன் 8 வந்தபோது பழைய லூமியாக்களுக்கு அது ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். ஆப் எழுதுபவர்களும் அந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. 2012 முதல் காலாண்டில் சாம்சங் நோக்கியாவைத் தாண்டியது. 14 வருட முதலிடம் முடிந்தது.

விற்பனைப் பத்திரத்தில் விடுபட்ட சொத்து

2013 செப்டம்பர் 3-ல் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒரு சிக்கலில் மாட்டியிருந்தது.

அந்த வருடம் ஜனவரியில் வருமான வரித்துறை அங்கே சோதனை நடத்தியிருந்தது. பிரச்சினை இதுதான். இங்கே செய்யும் போனில் ஏற்றும் மென்பொருளுக்கு நோக்கியா இந்தியா, ஃபின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பணம் கட்டியது. அது ராயல்டி, ஆகவே டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும் என்றது வரித்துறை. அது சரக்கு வாங்கியதற்கு விலை, டி.டி.எஸ். வராது என்றது கம்பெனி. வரித்துறை கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய். சொத்துகள் முடக்கப்பட்டன. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மார்ச்சில், 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் தொழிற்சாலையைக் கைமாற்றலாம் என்ற நிபந்தனையை நீக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே நேரத்தில் தமிழக வணிகவரித் துறையும், ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சொல்லி 2,400 கோடி ரூபாய் கேட்டது. கம்பெனி அதை மறுத்தது.

முடிவு என்ன? 2014 ஏப்ரல் 25-ல் உலகம் முழுக்க இருந்த நோக்கியா போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனது. ஸ்ரீபெரும்புதூர் போகவில்லை. போன் தொழிலே இல்லாத நோக்கியாவின் கையில் ஒரு போன் தொழிற்சாலை மட்டும் மாட்டிக் கொண்டது. மைக்ரோசாஃப்டுக்கு கூலிக்குச் செய்து கொடுப்பது என்று ஒரு தற்காலிக ஏற்பாடு. வேலைக்கு உத்தரவாதம் கேட்டு தொழிலாளர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. சுமார் 5,000 பேர் வாங்கிக் கொண்டு வெளியேறினார்கள். விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதில்!

அந்த ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது, விலை குறைந்த போன்களைக் கைவிடத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குக் கொடுத்த ஆர்டரையும் நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. டிசம்பரில் அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது.

யார் மேல் தப்பு என்று இன்றும் வாதம் நடக்கிறது. வரி கேட்டதால்தான் மூடினார்கள் என்கிறார்கள் சிலர். நான் படித்தவரை, வரி வழக்கு தொழிற்சாலையைக் கப்பலில் ஏற விடாமல் தடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கப்பலே மூழ்கத்தான் போனது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவை வாங்கிய கணக்கில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. வாங்கிய விலைக்கு நெருக்கமான தொகை அது! 2016-ல் மிச்சமிருந்த சின்ன போன் தொழிலை 35 கோடி டாலருக்கு விற்றது. வரி வழக்கு இல்லாமல் மைக்ரோசாஃப்டுக்குப் போயிருந்தாலும் இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஓடியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வருமான வரி வழக்கு 2018-ல் இந்தியாவும் ஃபின்லாந்தும் பேசித் தீர்ந்தது. நோக்கியா கட்டிய தொகை சுமார் 1,600 கோடி ரூபாய். தீர்வு வந்தபோது தொழிற்சாலை மூடி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பற்று வரவு போட்டுப் பார்ப்போம்

காமர்ஸ் மாணவர் இல்லையா, கணக்கு போடாமல் விட முடியுமா!

நோக்கியா கம்பெனி: விற்ற பணத்தோடு நெட்வொர்க் தொழிலுக்குப் போனது. மணிப்பாலில் படித்த ராஜீவ் சூரி 2014-ல் தலைமை நிர்வாகி ஆனார். 2016-ல் அல்காடெல்-லூசென்ட் அதோடு சேர்ந்தது. டவர்களில் இருக்கும் 4ஜி, 5ஜி கருவிகளில் நோக்கியா பெயரைப் பார்க்கலாம்.

பங்குதாரர்கள்: 2014 ஏப்ரல் 29-ல் 500 கோடி யூரோ மதிப்பில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி சிறப்பு டிவிடெண்ட், பங்கு திரும்ப வாங்குதல் என்று பங்குதாரர்களுக்கு. இங்கே விருப்ப ஓய்வுப் பேச்சு நடந்த அதே வாரங்கள்.

எலாப்: மைக்ரோசாஃப்டுக்குத் திரும்பினார். கிடைத்த தொகை 2 கோடி யூரோவுக்கு மேல். அதில் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது.

ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளி: சில லட்சம் ரூபாயும், வேலை போன அனுபவமும்.

மென்பொருளில் பின்தங்கியது, நடுமேனேஜர்கள் பயந்தது, விண்டோஸில் குதித்தது, எதிலும் இவருக்குப் பங்கு இல்லை. இவர் செய்த போன் நன்றாகவே இருந்தது, எங்கள் வீட்டில் இன்னும் ஆன் ஆகிறது. ஆனாலும் திரும்பி எழ முடியாத நஷ்டம் இவருக்குத்தான்.

இதில் எங்கள் பகுதியோடு ஒப்பிட ஒன்று இருக்கிறது. ராஜபாளையம் பஞ்சாலை ஊர். ஒரு மில் நின்றால் கஷ்டம்தான், ஆனால் நூல் ஓட்டத் தெரிந்தவர் அடுத்த மில்லுக்குப் போகலாம், மெஷின் ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூரில் அந்த வளாகம் முழுவதும் ஒரே வாடிக்கையாளரை நம்பி இருந்தது. சார்ஜர், கூடு, அசெம்பிளி எல்லாம் ஒரே கம்பெனிக்கு. மரம் சாய்ந்ததும் கொடிகளும் சாய்ந்தன.

2019 நவம்பரில் அந்த மூடிய தொழிற்சாலையை வாங்குவதாக அறிவித்தது யார் தெரியுமா? நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப். இப்போது ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் கம்பெனி. ஃபாக்ஸ்கான் அதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன் செய்கிறது. மறுபடி ஆயிரக்கணக்கான பெண்கள், மறுபடி கம்பெனி பஸ், மறுபடி ஷிஃப்ட். நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் மறுபடியும் ஒரு பெரிய வாடிக்கையாளர்!

எங்கள் கல்லூரிக்கும் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் ஆள் எடுக்க வருகின்றன. அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ் வேலைக்கு என் நண்பர்கள் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகும்போது சம்பளம் எவ்வளவு என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்டுக் கொள்வோம். இந்தக் கம்பெனியின் சரக்கை வாங்குவது ஒருவரா, பலரா? இங்கே கற்றுக்கொள்ளும் வேலை வேறு இடத்தில் செல்லுமா? நாளைக்கு மூடினால் சட்டப்படி எனக்கு என்ன வர வேண்டும்? நோக்கியாவில் சேர்ந்த அண்ணன், அக்காக்கள் 2006-ல் இதைக் கேட்கவில்லை. உலகின் நம்பர் ஒன் கம்பெனியில் யார்தான் கேட்பார்கள்?

அப்பாவுக்கு இதை எல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "போனு நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, பாவம்" என்றார். பேட்டரியைக் கழற்றி தாத்தா ரேடியோவிலேயே திரும்பப் போட்டாயிற்று, செய்திக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்!

தவறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன். உங்களில் யாராவது அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது பார்த்திருந்தால், கட்டாயம் எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாதது உங்களிடம்தான் இருக்கும்.